சாருஜனின் வலது முழங்கால்

வெள்ளவத்தை
11.06.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி சாருஜனின் முழங்கால் விஷயத்தை எனக்கு ஒளித்தது நீங்களா, அவனா என்று முதலில் சொல்லுங்கள். மற்றச் சுகங்களைப் பிறகு விசாரிக்கிறேன். பேச்சியம்மா மாமியின் மகள் வவுனியாவிலிருந்து போன் எடுத்து, "உங்கட தம்பி பந்தடிக்கப் போய் காலை முறிச்சுப் போட்டாராமே" என்றாள். எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை.

விசாரித்த அளவில் முறிவு இல்லை. மற்றப் பொடியன் பக்கவாட்டில் வந்து மோதி, கால் நிலத்தில் ஊன்றியிருக்க முழங்கால் மட்டும் உள்ளே மடங்கியிருக்கிறது. உள்பக்கத்து நார் பாதி கிழிந்திருக்கும். இங்கே ரக்பி ஆடுகிறவர்கள் கிழமைக்கு இரண்டு பேர் இதே காலோடு வருகிறார்கள். அவர்களைத் திரும்ப ஓட வைப்பதுதான் அம்மா என் படிப்பே. நீங்கள் ஊரில் "மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. டொக்டர் இல்லை. டொக்டர் வெட்டித் தைத்து அனுப்பிய பிறகு எங்களிடம் வருவார்கள். விளையாட்டில் காயப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை நம் சனம் நம்பாது, அது வேறு கதை.

எண்ணெய்க்கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். துவாயைச் சுருட்டி அவன் முழங்காலுக்குக் கீழே வையுங்கள். அதை நிலத்தோடு அமர்த்தச் சொல்லுங்கள். தொடைச் சதை கல்லாக இறுக வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. காலையும் மாலையும் செய்தால் மாரிக்கு முன்னே ஓடுவான். தொடை மெலிய விட்டால் முழங்கால் போய்விடும், அவ்வளவுதான் சூத்திரம்.

உங்கள் மகள்,
பிரேமிளா


தர்மபுரம்
கிளிநொச்சி
09.07.2006

அன்பு மகள் பிரேமிளாவுக்கு,

ஒளித்தது நான்தான். உனக்குச் சோதனை நேரம் என்று தம்பி சொன்னான். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு இவ்வளவு கோபமா? உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னை அதட்ட ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

உன் பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறான். நம் வீட்டில் எங்கே துவாய், அரிசிச் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமர்த்துவான். நான் பக்கத்தில் இருந்து தொடையைத் தட்டிப் பார்ப்பேன். கல் மாதிரித்தான் இருக்கிறது. நேற்றுத் தடி இல்லாமல் கிணற்றடிவரை போய் வந்தான். நம் தோட்டத்துச் சனம் எழுபத்தேழு கலவரத்தில் கண்டிப் பக்கமிருந்து அடிபட்டு இங்கே வந்து காடு வெட்டியபோது, கால் பிசகினால் அடுத்த நாளே மண்வெட்டியோடு நிற்பார்கள். உங்களுக்கென்றால் துவாயும் பயிற்சியும். சரி, நல்லதுதான். அவன் சிரித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு நிறைகிறது.

ஒரு விஷயம். அடுத்த தெரு தங்கராசாவின் மூத்த பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று திரும்பவும் தொடங்கிவிட்டது. தாய் றோட்டில் விழுந்து கத்தினாள். தம்பிக்குப் பதினேழு முடிகிறது. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

நீ முழுகிவிட்டு ஈரத்தலையோடு படுக்காதே.

அம்மா
அமராவதி


தர்மபுரம்
02.12.2006

மகள் பிரேமிளாவுக்கு,

ஓமந்தையில் ஆமி பாதையைப் பூட்டிய பிறகு தபாலை நம்ப முடியவில்லை. இதைச் சரீப் நானா கொண்டுவருகிறார். முல்லைத்தீவுச் சரீப் நானா, நம் கச்சான் கடலையை வாங்கி விற்கிறவர். இப்போது அனுமதி எடுத்துக் கொழும்பிலிருந்து மாவும் சீனியும் ஏற்றி வருகிறார். கடிதத்தைச் சாப்பாட்டுக் கரியருக்குள் வைத்துக் கொண்டுபோவார். பிடிபட்டால் அவருக்கும் சேர்த்துத்தான் இடி. வாசித்ததும் எரித்துவிடு.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். "உங்கட வீட்டில இருந்து இன்னும் ஒருத்தரும் வரேல்லை" என்றார்கள். மகள் கொழும்பில் படிக்கிறாள் என்றேன். "அப்ப மகன் இருக்கிறார்தானே" என்று ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். தம்பி குசினிக்குள் இருந்து வந்தான். பாவி, அந்த நேரம் பார்த்து நல்லா நடந்து வந்தான். வாசல்படியில் என் முகத்தைப் பார்த்தவன் என்ன நினைத்தானோ, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். "முழங்கால் போட்டுது அண்ணை" என்றான். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பார்ப்போம் என்று போய்விட்டார்கள்.

மகள், இனி உன் பயிற்சி வேண்டாம். சாக்கை எடுத்துப் போட்டுவிட்டேன். நொண்டுகிற பிள்ளையை அவர்களுக்குத் தேவையில்லை.

ஆனால் இவனுக்கு நடிக்கத் தெரியவில்லை. கடைக்குப் போகும்போது வலது காலை நொண்டினான், வரும்போது இடது காலை நொண்டினான். பக்கத்து வீட்டு நேசமலர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன அமராவதியக்கா, தம்பிக்கு நோ காலுக்குக் கால் மாறுதோ?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுடைய அண்ணன் யாரோடு திரிகிறவன் என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அம்மா


வெள்ளவத்தை
15.01.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

சரீப் நானா நாளைக்குத் திரும்புகிறார் என்றபடியால் அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். பயிற்சியை நிறுத்தினால் சதை கரையும். சதை கரைந்தால் முழங்கால் தளரும், தளர்ந்த முழங்கால் உள்ளுக்குள் தேயும். நாற்பது வயதில் கதிரையைப் பிடித்து எழும்புகிற ஆளாகிவிடுவான். இருபது வயதுப் பிள்ளைகளை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட அணியில் அவனைப் போல ஓட ஒருவன் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

வேறு வழி பாருங்கள். அவர்களிடம் பாஸ் எடுத்து இந்தப் பக்கம் அனுப்ப முடியாதா? பிணை நிற்க ஒருவரும் இல்லையா?

இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன், இங்கே வந்து என்ன செய்வான் என்று. போன கிழமை விடியப்புறம் பொலிஸ் வந்து நாங்கள் தங்கியிருக்கும் வீட்டைத் தட்டியது. அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருப்பவர்களைத் தனியாக நிற்பாட்டினார்கள். நான் பல்கலைக்கழக அட்டையைக் காட்டினேன். "என்ன படிப்பு?" என்று கேட்டார்கள். காயப்பட்டவர்களை நடக்க வைக்கிற படிப்பு என்று சிங்களத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. யாருடைய காயம், எந்தக் காயம் என்று மத்தியானம் வரைக்கும் கேட்டார்கள். பொடியன் என்றால் விட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் விரிவுரையாளர் முதல் நாளே ஒன்று சொன்னார். காயத்தைத் தொட முன்னம், எதற்குத் திரும்பிப் போகப் போகிறாய் என்று ஆளைக் கேட்க வேண்டுமாம். ஓட்டத்துக்கா, வேலைக்கா, வீட்டு மாடிப்படிக்கா. அதற்குத் தக்கதாகத்தான் வைத்தியம். தம்பிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. ஆனாலும் பயிற்சியை நிறுத்த வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரேமிளா


தர்மபுரம்
20.04.2007

பிரேமிளாவுக்கு,

அவன் வயதுப் பொடியளுக்குப் பாஸ் கொடுக்கமாட்டார்கள். நாற்பது வயதைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கு அவன் பதினெட்டு வயதைத் தாண்டவேண்டும், அதுதான் கவலை. நொண்டியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நொண்டிக்கும் சோறு போடலாம். இல்லாத பிள்ளைக்கு எப்படிப் போடுவது? நீ படித்த புத்தகத்தில் அதற்கு ஏதாவது எழுதியிருந்தால் சொல்லு.

இப்போது நடந்ததைக் கேள். திரும்ப வந்தார்கள். இந்த முறை மருத்துவம் தெரிந்த பிள்ளை ஒருத்தியும் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். தம்பியைக் கட்டிலில் இருத்தி, தையல்காரர் நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாள். ஒரு தரம் அளந்துவிட்டுத் திரும்பவும் அளந்தாள். மெதுவாக என்னைப் பார்த்து, "அம்மா, ரெண்டு தொடையும் ஒரே அளவாக் கிடக்கு. நொண்டுற காலெண்டா மெலிஞ்சிருக்கும்" என்றாள். மற்றவர்கள் வாசலில் நின்றதால் கேட்கவில்லை. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுக்கவில்லை. வெளியே போய், "வீக்கம் கிடக்கு, பிறகு வந்து திரும்ப அளக்க வேணும்" என்றாள். அந்தப் பிள்ளைக்கும் தாய் இருப்பாள்.

அடுத்த முறை அவளே வருவாள் என்று என்ன நிச்சயம்?

நீ தினம் அமர்த்தச் சொல்லி அந்தத் தொடையை வளர்த்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வளர்க்கத் தெரிந்த உனக்கு மெலிய வைக்கவும் தெரிந்திருக்கும். அதை எழுது. சரீப் நானா இந்தத் தரம் இரண்டு நாள் கொழும்பில் நிற்பார். நீ எழுதாவிட்டால் நான் அம்மிக்குழவியை எடுத்துக் காலில் போடுவேன். சத்தியம்.

அம்மா


வெள்ளவத்தை
26.04.2007

அம்மாவுக்கு,

குழவியைத் தொடாதீர்கள். எழுதுகிறேன்.

இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். நூலகத்தில் இதே பாடத்தை என் முன்னால் திறந்து வைத்திருக்கிறேன். தசை ஏன் கரைகிறது, எப்படித் தடுப்பது என்று இருக்கிறது. அதைத் தலைகீழாக வாசிக்கிறேன். எழுத்து விளங்காவிட்டால் தம்பியிடம் கொடுத்து வாசியுங்கள்.

வலது காலை நேராக நீட்டி, பின்பக்கம் தட்டையான மரச் சிலாகை வைத்து, பழைய சீலைத்துணியால் தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால்வரை கட்டுங்கள். இறுக்க வேண்டாம், விரல் நுழைய வேண்டும். அந்தக் காலில் பாரம் போடாமல் தடியோடு நடக்கட்டும். மாதம் ஒன்றுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும், நாடா பொய் சொல்லாது.

இதை மறக்காமல் செய்யுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் கட்டை அவிழ்த்து, முழங்காலை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். சதை மெலிந்தால் நான் ஒரு நாள் திரும்ப வளர்ப்பேன். மூட்டு இறுகிப் போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் அவிழ்க்க வேண்டும், அம்மா.

நடையைப் பற்றி. காலை இழுத்து இழுத்து நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பொய்யாக நொண்டுகிறவன்தான் இழுப்பான். உண்மையில் நோகிறவன் அந்தக் காலில் கனநேரம் நிற்கமாட்டான், சட்டென்று மற்றக் காலுக்கு மாறிவிடுவான். படியில் ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நோகிற கால் முதல். எப்போதும் வலது கால். அதையாவது மறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

இன்று மத்தியானம் ஓட்டக்காரி ஒருத்தியின் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

பிரேமிளா


தர்மபுரம்
18.07.2008

அன்பு மகளுக்கு,

உன் கட்டு வேலை செய்தது. ஐந்து தரம் வந்து அளந்துவிட்டார்கள். வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு தரமும் நாடா உன் பக்கம்தான் பேசியது. கடைசியாக வந்தவன், "இவர் சரிவரமாட்டார்" என்று சொல்லிப் பெயரை வெட்டினான். நான் அன்றைக்குப் பிள்ளையாருக்குப் பொங்கினேன்.

இப்போது நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். இரவில் அவிழ்க்கச் சொன்னாய். நான் அவிழ்க்கவில்லை. தொடக்கத்தில் கொஞ்ச நாள் அவிழ்த்தேன். ஒரு நாள் அவிழ்த்து வைத்திருக்கும்போது நாய் குரைத்தது. கை பதறித் திரும்பக் கட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவர்கள் இரவில்தானே மகள் வருகிறார்கள்? அதோடு அவிழ்ப்பதை விட்டுவிட்டேன். தம்பியும் "கிடக்கட்டும் அம்மா" என்றான்.

இப்போது கட்டை எடுத்தும் முழங்கால் மடங்கவில்லை. இரண்டு பேர் பிடித்து மடக்கினோம். கத்தினான், கொஞ்சம் அசைந்தது, அதோடு நின்றுவிட்டது.

பிளேன் ஒவ்வொரு நாளும் வருகிறது. பங்கர் வெட்டியிருக்கிறோம். குனிந்து, காலை மடக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். நான் முதலில் இறங்கி அவனை இடுப்பில் பிடித்து இழுப்பேன். கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேற்கே இருந்து சனம் கட்டு மூட்டையோடு இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டது. ஓட வேண்டி வந்தால் இவன் எப்படி ஓடுவான்? தினமும் அதைத்தான் நினைக்கிறேன். நடக்கக் கூடாது என்று நேர்ந்தவள் நானேதான்.

மடக்குகிற வழியை எழுது. சுடுதண்ணீர் ஒத்தடமா, எண்ணெயா, என்னவென்றாலும் எழுது. இதுதான் கடைசி லோட்டாக இருக்கும் என்று சரீப் நானா சொல்கிறார். கெதியாக எழுது.

அம்மா


செட்டிகுளம் முகாம்
14.06.2009

மகள் பிரேமிளாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இதைக் கொண்டுவருகிற நேர்ஸ் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே, அவளுக்குக் கரைச்சல் வரும்.

ஜனவரியில் வீட்டை விட்டோம். விசுவமடு, பிறகு கடற்கரை. கடைசியில் கையையும் காலையும் ஒருவரும் பார்க்கவில்லை. நாடாவும் இல்லை, பெயர் வெட்டுவதும் இல்லை, கண்ட பிள்ளையைப் பிடித்தார்கள். நான் அவனைக் குழிக்குள் படுக்க வைத்து மேலே தறப்பாள் போட்டு, அதன் மேல் நான் இருந்தேன். அவ்வளவு பாடுபட்டு முடக்கிய கால் ஒன்றுக்கும் உதவவில்லை. தண்ணீருக்குள்ளால் கழுத்தளவில் ஆமிப் பக்கம் வந்தோம். தண்ணீருக்குள் மட்டும் அவனுக்கு நோகவில்லை.

வந்த பிறகுதான் இடி. ஓமந்தையில் ஆமிக்காரர் எல்லாரையும் வரிசையில் விட்டார்கள். ஆம்பிளைப் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இவன் நடந்தான். "எந்தச் சண்டையில காயப்பட்டனி?" என்று கேட்டார்கள். "பந்தடிச்சு விழுந்தது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் களிசானை மேலே சுருட்டிப் பார்த்தான். ஒரு கால் தூண், ஒரு கால் தடி. "பந்தடிச்சவனுக்கு இப்பிடிக் கால் வராது" என்றான். நான் காலில் விழுந்தேன். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்று சொல்வார்களே, அதுதான் நமக்கு.

வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கம்பிக்கு வெளியே போக ஏலாது. நீ படித்தவள். உன்னிடம் பட்டம் இருக்கிறது. அது வெடிபட்ட கால் இல்லை என்று நீ சொன்னால் கேட்பார்கள். உன்னையும் பிடித்து வைத்தால் நான் எங்கே போவேன்? ஆனாலும் போ, மகள்.

அம்மா


வவுனியா
09.08.2009

அம்மாவுக்கு,

தம்பியைப் பார்த்தேன். இருக்கிறான். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் உங்களுக்கு எழுதிய பதிலைச் சரீப் நானா திருப்பிக் கொண்டுவந்து தந்தார். ஓமந்தைக்கு அப்பால் லொறியை விடவில்லையாம். நீங்கள் கேட்ட வழி அதில்தான் இருந்தது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மூன்று தரம் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நான்காம் தரம் விரிவுரையாளரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு அதிகாரி ஒருவர் உள்ளே விட்டார். அவர் முன்னாலேயே தம்பியின் காலைச் சோதிக்கச் சொன்னார். தழும்பு இல்லை, சன்னம் பட்ட அடையாளம் இல்லை, எலும்பு நேராக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "பந்தில் அடிபட்ட முழங்கால் எத்தனை மாதத்தில் சுகமாகும்?" என்றார். ஆறு மாதம் என்றேன். "அப்படியென்றால் மூன்று வருடம் கழித்தும் ஏன் இப்படி இருக்கிறது?"

படித்த பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் வேறு டொக்டரைக் கொண்டு பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். கட்டி வைத்ததால் என்றேன். யார் கட்டச் சொன்னது என்றார். நான் என்றேன். ஏன் என்றார். அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி, என் அடையாள அட்டையையும் வாங்கிப் பிரதி எடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவனை விடவில்லை. கிழமைக்கு ஒரு தரம் வந்து காலுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றார். அது நல்லதற்கா, என்னைத் திரும்பத் திரும்ப வரவைக்கவா, அதுவும் தெரியவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் தனியாக விட்டார்கள். அவனைக் குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கினேன். ஒரு சத்தமும் போடவில்லை. இன்னும் கொஞ்சம் மடங்கும் அம்மா, வழி இருக்கிறது. அதைச் சந்தோஷமாக அவனிடம் சொன்னேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னான். "அக்கா, இங்க நொண்டுறவையைத் தனியாக் கூப்பிட்டு விசாரிக்கினம். நல்லா நடக்கிறவையை வேற இடத்துக்கு ஏத்துகினம். எங்கையெண்டு சொல்லுறேல்லை. நான் இனி நல்லா நடக்கிறதோ, நொண்டுறதோ? நீ சொல்லு, அப்பிடியே செய்யிறன்."

நான் அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

நான்கு வருடம் இதைத்தான் படித்தேன் அம்மா. எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறேன், அவன் கேட்பான். நீங்களாவது யோசித்து, அதற்குள் எழுதி அனுப்புங்கள்.

பிரேமிளா